மற்றும் சிலர்

அன்புள்ள தம்பித் துரைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் சௌக்கியம் என்பதை உங்கள் இணையதளத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் உன் சௌக்கியம் எனக்குப் போனில் வரும்.

பஸ் டிப்போவில் வேலை எப்போதும்போலத்தான். என் டிக்கெட் கவுன்டரில் மின்விசிறி ஓடவில்லை. மேலாளர் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, முனகல் குறையவில்லை.

நீங்கள் செய்த ஆஸ்பத்திரி முன்பதிவுத் தளத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். உன்னைப் போலப் பார்வையில்லாதவர்கள் யார் தயவும் இல்லாமல் தாங்களே டாக்டரிடம் நேரம் வாங்கலாமாம். எனக்கும் பெருமைதான். ஆனால் முன்பு ஏதாவது தளம் நடுவழியில் ஒரு படத்தைக் காட்டி, அதிலுள்ள எழுத்துகளைப் போடச் சொன்னால், அதை எனக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, கொஞ்சம் கண்ணைக் கடன் குடு" என்பாய். வரிசையில் நிற்பவர்கள் முறைக்க முறைக்கப் படித்துச் சொல்வேன். உன் தளத்தில் அந்தத் தொல்லையே இல்லை. என் போனும் நிம்மதியாகத் தூங்குகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு உன் மனைவி மேல் பொறாமை. தளத்தில் படங்களுக்கெல்லாம் அவள்தான் விளக்கம் எழுதுகிறாள், உன் போனின் குரல் அதை வாசிக்கிறது. "அவ எழுதினா ஒரு வார்த்தை அதிகம் இருக்காதுக்கா" என்று நீ சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. கணக்கு வாத்தியார் மீசை ஷூ துடைக்கிற பிரஷ் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லப்போய், நீ வகுப்பில் சிரித்து வெளியே நின்றாயே! அவளாக இருந்தால் 'மீசை வைத்த ஆசிரியர்' என்று முடித்திருப்பாள்.

தளத்தின் தொடக்க விழாவுக்கு நான் வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டாய். லீவு கிடைக்கவில்லை என்றேன். வந்திருந்தேன், துரை. கடைசி நேரத்தில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன். உன்னைச் சுற்றிக் கூட்டம். உன் கை அவள் தோளில் இருந்தது. கூட்டத்தில் நடக்கும்போது அந்தக் கை என் தோளில் இருந்துதான் எனக்குப் பழக்கம். மனசு என்னவோ போலாகிவிட்டது. போட்டோக்காரர் எல்லோரையும் நிறுத்தியபோது பின்வரிசையில் நின்றேன். பிறகு உன்னிடம் பேசாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் படம் இப்போது தளத்தின் முகப்பில் இருக்கிறது. என் போனிலும் அந்தக் குரலைப் போட்டு, உன்னை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "தொடக்க விழாவில் நிறுவனர், அவர் மனைவி, ஊழியர்கள், மற்றும் சிலர்" என்றது. அந்தச் சிலரில் ஒருத்தி நான். ஒரு நெட்டை ஆளுக்குப் பின்னால் என் பாதி முகம்தான் தெரிகிறது. அவள் கவனித்திருக்க மாட்டாள். வேண்டுமென்று செய்கிறவள் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவளிடம் சண்டைக்குப் போகாதே. பின்வரிசையை இன்னொரு தடவை பார்க்கச் சொல். 'பின்னால், பச்சை உடையில் அக்கா' என்று சேர்த்தால் போதும். மீசை, பிரஷ் எதுவும் வேண்டாம். அந்தப் படத்தைத் தொடும்போதெல்லாம் நான் வந்திருந்தது உன் காதில் விழட்டும்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். அக்கா சிரிக்கிறாள் என்று மட்டும் எழுதச் சொல்லாதே. நான் சிரிக்கவில்லை, அவளுக்கும் பொய் எழுத வராது.

உன்
அக்கா