அப்பாவின் நாலாவது முன்னுரை

பிப்ரவரி 3

அன்புத் தங்கை குட்டிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலம்தானே? மருந்துக் கடையில் கூட்டமா? போனில் பேசினால் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்திவிடுகிறோம், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் தொழிற்சங்க மாநாட்டுக்காக அப்பாவின் ஆலை நாவலை மலிவுப் பதிப்பாகப் போடப்போகிறோம். அப்பா போனபின் உரிமை உன் பேரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். பஸ் டிப்போவில் புதிதாகச் சேருகிற மெக்கானிக்குக்கு நான் முதலில் கொடுப்பது ஸ்பேனர் இல்லை, அந்தப் புத்தகம்தான். பல்சக்கரத்தில் விரல்களை இழந்தவள் மறுநாள் ஆலை வாசலில் மற்ற கையால் கொடி பிடிக்கிற அத்தியாயத்தில் முரட்டுப் பசங்களே மூக்கை உறிஞ்சுகிறார்கள். அப்படி எழுத இன்னொருத்தன் பிறந்து வரணும்.

ஒரே நிபந்தனை. 'ஆலை உழைப்பவனுக்கே' என்று அவர் இளமையில் எழுதிய முதல் முன்னுரை மட்டும் இருக்கும். பின்னால் பதிப்புக்குப் பதிப்பு மனசு மாறி எழுதியவை வேண்டாம். அதிலும் அந்த மூன்றாவது! 'முதலில் ஒழுங்கு, அப்புறம் நீதி' என்று அவர் எழுதியதால்தானே நான் வீட்டைவிட்டு வந்தேன். நீ கையெழுத்துப் போட்டால் நம் மனஸ்தாபமும் இத்தோடு தீரட்டும். போடாவிட்டால் இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 11

என் கோபக்கார அண்ணனுக்கு,

பாசமும் மிரட்டலும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது.

போன வாரம்தான் எதிர்க்கூடாரத்துப் பேச்சாளர் ஒருவர் கடைக்கு வந்து, தொண்டைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, அவர்கள் போட்ட பதிப்பைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனார். என்னைக் கேட்காமலே அச்சடித்திருக்கிறார்கள். அதில் மூன்றாவது முன்னுரை மட்டும்! அட்டையில் அப்பாவுக்கு மீசையை வேறு முறுக்கிவிட்டிருக்கிறார்கள். "உங்கப்பா எங்க ஆளும்மா" என்றார். "அப்படியா சார், எங்க வீட்டு ஆளுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றேன். உங்கள் சங்கச் சுவரொட்டி மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அதில் முஷ்டியை மடக்கி நிற்கிறார். அப்பா கையை மடக்கியது சீட்டாடும்போது மட்டும்தான், அதுவும் நாம் எட்டிப் பார்க்காமல் இருக்க.

இளமையில் சங்கத்தோடு நின்றார். சங்கத்தின் கட்சி ஆட்சிக்கு வந்து பத்திரிகைக்காரரைச் சிறையில் போட்டதும் இரண்டாவது முன்னுரையில் அவர்களோடு சண்டை பிடித்தார். கலவரத்தில் பக்கத்துத் தெரு எரிந்ததைப் பார்த்துப் பயந்துபோய் மூன்றாவதை எழுதினார். ஆனால் கதையில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. "சார், பழைய முன்னுரையெல்லாம் எடுத்துடலாமே, உங்களுக்குத்தானே சங்கடம்" என்று பதிப்பாளர் கெஞ்சியபோது அப்பா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "இருக்கட்டும்யா. அப்படி இருந்ததும் நான்தான்." தன் தப்பையும் தன் பேர் போட்டே அச்சடிக்கவிட்ட மனுஷன் அண்ணா அவர். நமக்கெல்லாம் அந்தத் தைரியம் வருமா?

நாலு முன்னுரையும் சேர்ந்து வந்தால் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் என்றால் அவர்களுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நீ வராவிட்டால் போ என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் இதில் நான் அசையமாட்டேன். முழுப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். நாலாவதை நீ படித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

உன்
குட்டி


மார்ச் 2

குட்டி,

படித்தேன்.

'மூன்றாம் முன்னுரை அச்சாகி வந்த மதியம், ஒருவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஒழுங்கை யார் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். அவனை மறுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னை மறுத்து எழுதி முடித்திருக்கிறேன். அவன் இதைப் படிப்பான்.'

அப்பா இந்தப் பதிப்பை எங்கள் டிப்போ வாசகசாலைக்கு அனுப்பியிருந்தார். முதல் முன்னுரையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிளேடால் அறுத்து எடுத்தவன் நான்தான். ஒரு வரி படிக்கவில்லை. எனக்கு வந்த பதிலை நானே குப்பையில் போட்டிருக்கிறேன். என்னிடமிருந்து ஏதாவது வருமென்று அவர் பார்த்துக்கொண்டிருந்தாரா? வேண்டாம், எழுதாதே. தாங்கமாட்டேன்.

கமிட்டியில் நாலும் போடணும் என்றேன். "தோழர், மாநாட்டுல குழப்பமாயிடும்" என்றார்கள். "குழம்பட்டுமே, அப்பத்தான யோசிப்பான்" என்றேன். ஓட்டெடுப்பில் என் கை மட்டும்தான் மேலே இருந்தது. ஆகவே மாநாட்டில் புத்தகம் இல்லை. சங்கத்தை விடமாட்டேன், அது என் உயிர். பதிப்பை நீயே கொண்டுவா, மெய்ப்பு நான் பார்க்கிறேன்.

ஆனால் மூன்றாவது தப்புதான். இப்போதும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு அதில் ஒரு பக்கம் தருவாயா?

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

ஒரு பக்கத்தில் அடங்குகிற வாயா உன்னுடையது? எத்தனை பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள். நாலாவதுக்கு அடுத்து ஐந்தாவதாக வரட்டும், உன் பேர் போட்டு. திட்டுவதென்றால் முழுசாகத் திட்டு. வழவழா கொழகொழா என்று எழுதினால் அப்பாவுக்கு ஆகாது.

நீ வேண்டாம் என்றதை நான் எழுதவில்லை. நேரில் கேட்டால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் வா. உன் பழைய இடத்தில் தட்டு வைக்கிறேன். இந்தத் தடவை சாப்பிட்டு முடித்துவிட்டுச் சண்டை போடு.

உன்
குட்டி