கட்டையனுக்குத் தனிச் சாப்பாடு

அன்புள்ள மகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். மருமகள் என்று எழுதிவிட்டு அடித்திருப்பது உன் கண்ணில் படும். பட்டால் படட்டுமே, வேறு தாள் எடுக்கவில்லை. உன் இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீயும் அவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இரண்டாவது வார்த்தையிலேயே போனை வைத்துவிடுவேன்.

எனக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடை வேலை எப்போதும்போலப் போகிறது. லென்ஸ் தேய்க்க மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் சோடாபுட்டிக் கண்ணாடி கேஸ் வந்தால் முதலாளி என் மேஜைக்குத்தான் தள்ளிவிடுகிறார்.

விஷயம் பூனையைப் பற்றியது, கட்டையனைப் பற்றி. பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் காலையில், மணல் தட்டில் போய் உட்காருவதும் எழுந்து வருவதுமாக இருந்தான். பத்துத் தடவையாவது போயிருப்பான், மணல் நனையவே இல்லை. மலச்சிக்கல் என்று நினைத்து வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மனசு கேட்காமல் மத்தியானம் வந்து பார்த்தால், குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தான். தொட்டதும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான் பார், அது இன்னும் காதில் இருக்கிறது. துணிக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே நர்ஸைக் கூப்பிட்டார். சிறுநீரில் பொடிக்கல் சேர்ந்து பாதையை அடைத்துவிட்டதாம். ஆண் பூனைகளுக்கு அந்தப் பாதை மிகவும் குறுகலாம். சாயங்காலம் வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். மயக்க ஊசி போட்டு, டியூப் விட்டு, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள்.

அனுப்பும்போது ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். இனிமேல் அந்த மருந்துச் சாப்பாடு மட்டும்தான். மீன், பால், என் தட்டிலிருந்து ஒரு வாய், எதுவும் கூடாது. இன்னொரு பூனை, நம் மேடம், அதில் வாய் வைக்கவும் கூடாது. கிழவிக்குச் சிறுநீரகம் பலவீனமாம், அது அவளுக்கு ஆகாதாம். ஒன்பது வருஷமாக ஒரே தட்டில் முட்டிக்கொண்டு தின்ற இரண்டையும் இரண்டு அறையில் பிரித்து வைக்க வேண்டும்.

எனக்குச் சமாதானமாகவில்லை. பாக்கெட்டில் உள்ள பொடி எழுத்தைக் கடை லென்ஸ் வைத்துப் படித்தேன். சோளம், அரிசி, கோழிக்கழிவு என்று போட்டிருக்கிறது. பூனை சோளமா தின்னும்? தீவனக் கடைக்காரர், எல்லாம் வியாபாரம், சாதாரண பாக்கெட்டே போதும் என்றார். கூட வேலை செய்யும் பெண், தண்ணீர் நிறையக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். திரும்பப் போய் டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு நீங்க பாக்கறீங்க. அவன் யூரின்ல என்ன இருக்குன்னு நான் பாக்கறேன். ஒரு மாசம் இதை மட்டும் கொடுத்துட்டு டெஸ்ட்டுக்குக் கொண்டுவாங்க. அப்புறம் சண்டை போடலாம்” என்றார்.

கொடுக்கலாம்தான். இவன் தின்றால்தானே? முகர்ந்து பார்த்துவிட்டு, மணலில் மூடுவதுபோல் முன்னங்காலால் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விடுகிறான். பட்டினி போட்டாலும் ஈரல் கெட்டுவிடுமாம். இரண்டாம் நாள் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் தட்டிலிருந்த மீனைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அதுதான் நடக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கடைசி மாதத்தில் என் பிள்ளை ஒரே ஒரு வாய் உப்புப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டான். டாக்டர் கூடாது என்றார் என்று நான் கண்டிப்பாக நின்றேன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டே போய்ச் சேர்ந்தான். இன்னொரு ஜீவனுக்கும் வாயைக் கட்ட எனக்குக் கை வரவில்லை. இருக்கிற வரை பிடித்ததைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஒருநாள் தோன்றுகிறது. குளியலறையில் கேட்ட அந்தக் குரல் மறுநாள் ஞாபகம் வருகிறது.

இவன் அடம்பிடித்தால் என் பிள்ளை ஏதோ செய்து தின்ன வைப்பானே, அது என்ன? உனக்குத்தான் தெரியும். முடிந்தால் இரண்டு வரி எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தை

* * *

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் எட்டாம் நாள் கிடைத்தது. கடையில் வைத்துப் பிரித்தேன், வீட்டில் பிரிக்கத் தைரியமில்லை. “அது வேற, இது வேற அத்தை. அவருக்கு அப்போ எதைக் கொடுத்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. இவனை முடியும். கொடுங்க” என்று எழுதியிருந்தாய். அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. முதலாளி வந்து, கண்ணில் தூசியா என்று கேட்டார்.

நீ சொன்னபடியே செய்தேன். அவன் முன்பு தின்ற சாப்பாட்டில் கால் பங்கு மருந்துச் சாப்பாட்டைக் கலந்து, வெந்நீர் தெளித்து, வாசனை வந்ததும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். தட்டில் வைத்தால் தொடாதவன் கையில் வைத்ததும் நக்கினான். பத்து நாளில் முழுக்க மாறிவிட்டான். மீனையும் நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லித் திட்டும் வாங்கிக்கொண்டேன். நேற்று டெஸ்ட் எடுத்தார்கள். கல் இல்லை.

மேடத்துக்குச் சமையலறை. கட்டையனுக்கு என் பிள்ளையின் அறை. கதவு போட்டு மூட வேறு அறை ஏது? நீ போன நாளிலிருந்து பூட்டியே கிடந்ததைத் திறந்து, கூட்டித் துடைத்தேன். இப்போது காலையும் மாலையும் அரைமணி நேரம் அந்தத் தரையில் உட்கார்ந்து அவனுக்கு ஊட்டுகிறேன். வெளியே மேடம் கதவைப் பிறாண்டுவாள். கதவு திறந்ததும் ஓடிவந்து அவன் வாயை முகர்ந்து பார்ப்பாள்.

உன் கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் பதில் சொல்லத் தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். பூனைகளுக்கு என் பிள்ளை ஊட்டியதே இல்லை, அவன் தூங்கி எழுவதற்குள் நீதான் ஊட்டி முடித்திருப்பாய் என்று. எனக்குத் தெரியாது அம்மா. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பூனைக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றபோது, “என் பிள்ளையோட பூனைங்க, இங்கேதான் இருக்கும்” என்று சொல்லிக் கூடையைப் பிடுங்கி வைத்தேன். நீ பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு வருஷமாகக் கட்டையன் சாயங்காலம் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். என் பிள்ளைக்காக என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்காருவேன். பாவம், அவன் யாருக்காக உட்கார்ந்தானோ.

இரண்டும் உன்னுடையவை. வேண்டுமென்றால் வந்து அழைத்துக்கொண்டு போ. நான் மறுக்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், இருவரும் பயணம் தாங்குவார்களாம். வேளைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

எடுத்துப் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஒருதடவை வந்துவிட்டுப் போ. அவரையும் அழைத்து வா. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்று முன்னாலேயே எழுதினால் செய்து வைப்பேன். உப்பு தாராளமாகவே போடுகிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அத்தை