"வழிபட்டோர்: எவருமில்லை" என்று எழுதப்பட்ட மூன்று ஞாயிறுகள்

அனுப்புநர்:
மின்கணக்கீட்டாளர்,
கதவு எண் 14, மாடிப் பகுதி,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
வழிபாட்டிட ஆய்வுப் பிரிவு,
நகர நிர்வாக அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: தண்ணீர்த்தொட்டித் தெருக் கோடியிலுள்ள கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் வழிபடுவோர் எவருமில்லை என்ற ஆய்வறிக்கையைத் திருத்தவும், வரும் 30ஆம் தேதி ஆலயத்துக்குச் சீல் வைப்பதை நிறுத்தவும் வேண்டி.

பார்வை: தங்கள் பிரிவின் மூன்று ஆய்வறிக்கைகள், ஆலயக் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய மேலதிகாரி ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை வந்தேன். நான்கு முறையும் "சாமியார் கையெழுத்து எங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மனுவிலும் குருவானவரின் கையெழுத்து இல்லை, என்னுடையதுதான் இருக்கிறது. அது போதுமா போதாதா என்பதுதான் இங்கே வழக்கு. ஆகவே அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடாமல் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. நான் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்து எழுதும் வேலையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகள் திருமணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். நான் கத்தோலிக்கன். குருவும் அல்ல, துறவியும் அல்ல. என்னைப் போன்றவர்களை எங்கள் திருச்சபையில் பொதுநிலையினர் என்பார்கள்.

2. மேற்படி ஆலயம் பெரியதல்ல. எட்டு பெஞ்சு, ஒரு பீடம், காற்று ஒழுகும் ஒரு ஹார்மோனியம், அவ்வளவுதான். நூற்பாலைத் தொழிலாளர்கள் கட்டியது. ஆலை மூடியதும் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், பதினொரு குடும்பம் மிச்சம். சென்ற வருடம் பங்குத்தந்தையும் உடல்நலமில்லாமல் இங்கிருந்து போய்விட்டார். அவருக்குப் பதில் அனுப்ப ஆயர் இல்லத்தில் ஆள் இல்லை. குரு இல்லாத இடத்தில் மக்கள் தாங்களே கூடி இறைவார்த்தையை வாசித்துச் செபிக்கலாம் என்பது எங்கள் திருச்சபை அனுமதித்த வழக்கம். குரு மட்டுமே நிறைவேற்றக்கூடிய திருப்பலியை நாங்கள் நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "மீட்டர் பாக்கணும்!" என்று வாசலில் நின்று கத்திப் பழகிய தொண்டை என்பதால் வழிநடத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

3. கடந்த ஏப்ரலில் தங்கள் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழிபட வருகிற ஒவ்வொருவரும் பெயர், முகவரி, வேலை பார்க்கும் இடம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம். அடுத்த ஞாயிறு பதினொரு குடும்பத்தில் நான்குதான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு என் அக்கா மட்டும் வந்தார். ஹார்மோனியம் வாசிப்பவர் அவர்தான். அன்று அதைத் திறக்காமலே, "தம்பி, பையன் அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். நான் வீட்டுலயே கும்பிட்டுக்கறேன். மனசுக்குள்ள இருக்கறத எவனும் படிவத்துல எழுத முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று வாரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் தவறு. பயந்தவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டு, பயமுறுத்திய படிவத்தை மடித்துப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அதை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, என்னுடையது.

4. அன்றிலிருந்து ஐந்து மாதமாக ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் ஒருவனே வழிபடுகிறேன். பீடத்தருகே ஏறி நின்று வாசகம் வாசித்து "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பேன். பிறகு இறங்கிவந்து முன்பெஞ்சில் நின்று "இறைவா உமக்கு நன்றி" என்று நானே பதில் சொல்வேன். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், முதல் இரண்டு வாரம் எனக்கே அப்படித்தான் தோன்றியது. பிறகு பழகிவிட்டது. வழிபாட்டில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் இடம் மட்டும் இன்றுவரை பழகவில்லை. அந்த இடத்தில் கைகூப்பித் திரும்பினால் ஏழு பெஞ்சும் காலியாகக் கிடக்கும். அதிகாரியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் புகார் முழுமையாகாது.

5. ஆகஸ்டில் தங்கள் ஆய்வாளர் மூன்று ஞாயிறு வந்தார். மூன்று முறையும் நான்தான் கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வந்தார். மூன்றாம் ஞாயிறு சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் நான் வழக்கம்போலத் திரும்பியபோது அவர் இருந்தார். "சமாதானம்" என்றேன். அவர் சட்டென்று எழுந்து, பேனாவும் கையுமாகக் கும்பிட்டு, "சமாதானம்ங்க" என்றார். ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதில் அது. அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

6. பத்து நாள் கழித்து அறிக்கையின் நகல் கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கும் "வழிபட்டோர்: எவருமில்லை" என்று இருந்தது. ஆய்வாளரையே போய்ப் பார்த்தேன். "உங்களைத் தப்பா எழுதலைங்க. சாவி வச்சிருக்கறவர் பராமரிப்பு ஆளுன்னு கணக்கு. அவரை வழிபட வந்தவரா சேர்க்க விதி இல்ல. உரிமம் வாங்கின சாமியாரும் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் கண்ணில் வருத்தம் தெரிந்தது. அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டு மீட்டருக்குக்கூட நான் பூஜ்யம் எழுதியதில்லை. "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு மறுபடி போவேன். இங்கே கதவு திறந்திருந்தது, உள்ளே நானும் இருந்தேன்.

7. எதிர்க்கடைக் கடிகார மெக்கானிக் எனக்காகச் சாட்சி எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "இவர் சுருதி சேராமல் பாடுவது வாராவாரம் என் காதில் விழுகிறது. நிறுத்தினால் எனக்கு நிம்மதிதான். ஆனால் நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை" என்று எழுதியிருந்தார். அம்மதத்தைச் சேராதவர் என்று சொல்லித் தங்கள் அலுவலகம் அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை. சேர்ந்தவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள். சேராதவர் சொன்னால் செல்லாது என்கிறீர்கள். பிறகு நான் யாரைத்தான் கூட்டிவருவது?

8. ஆயர் இல்லத்துக்கும் எழுதினேன். பொறுமையாக இருக்கும்படியும் மேலிடத்தில் பேசுவதாகவும் பதில் வந்தது. அவர்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் மனசாட்சிப்படி கடவுளைத் தேடும் உரிமை குருக்கள் வாங்கிவைத்து எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதல்ல. மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் அது உண்டு என்றுதான் என் திருச்சபை எனக்குக் கற்பித்தது. அதனால்தான், சந்தைக்குப் பின்னால் உள்ள வேறு மதத்தாரின் செபக்கூடத்திலும் இதே படிவம் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, அவர்களும் மனு கொடுக்க உதவலாம் என்று போனேன். "நீங்க எதுக்கு எங்களுக்காக அலையறீங்க?" என்று கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தங்கள் அலுவலகம் அனுப்பிய ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு டீகூடக் கொடுக்கவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

எனவே ஐயா அவர்கள் மூன்று அறிக்கையிலும் "எவருமில்லை" என்பதை "ஒருவர்" என்று திருத்த ஆணையிட வேண்டுகிறேன். பெயரும் வேலையிடமும் கேட்கும் படிவத்தை எங்களிடமிருந்தும் அந்தச் செபக்கூடத்தாரிடமிருந்தும் திரும்பப் பெற வேண்டுகிறேன். கதவில் ஒட்டிய அறிவிப்பில் உள்ளபடி ஆலயத்தைப் பழைய கோப்புகள் அடுக்கும் கிடங்காக்கும் முடிவைக் கைவிட வேண்டுகிறேன். படிவம் போனால் என் அக்கா வருவார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வருவார் என்றே நினைக்கிறேன்.

சீல் வைத்தே தீர்வது என்று முடிவானால் நான் பூட்டை உடைக்க மாட்டேன், யாரோடும் சண்டைக்கு நிற்க மாட்டேன். அக்டோபர் 5, ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தக் கதவுக்கு வெளியே படியில் நின்று வாசகம் வாசிப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு இடைஞ்சல் இராது. தங்கள் அலுவலர் எவரேனும் வந்து இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், வழிபடுகிறேன் என்று சொல்வேன். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.

நாள்: செப்டம்பர் 19, வெள்ளி
இடம்: தண்ணீர்த்தொட்டித் தெரு

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: ஒரே பெயருள்ள படிவம், கடிகார மெக்கானிக்கின் சாட்சியம், மீண்டும் ஒருமுறை.