அவன் கையில் ஓடுகிறது, என் கையில் விழுகிறது

3 பிப்ரவரி 1998, செவ்வாய்

பெருநாள் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தாயிற்று. சூலியா தெருவில் பாதிக் கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. முதலாளி ஷேக் அலாவுதீன் புது பாத்திக் சட்டையில் வந்தார். பின்னாலேயே அவருடைய அக்கா மகன் ஹபீப் முகம்மது, கையில் ஒரு சிடியோடு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போனவன், மூன்று மாதமாக எங்களோடு இருக்கிறான். முப்பத்திரண்டு வயது, வீட்டில் கைக்குழந்தை. ஈமெயில் புரோகிராமுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம், போட்டே தீரவேண்டுமாம். பழையதற்கு என்ன கேடு?

"அடுத்த மாசத்துலருந்து லெட்டரெல்லாம் ஹபீப் பாத்துக்குவான், உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்லா யோகம்மா" என்றார் முதலாளி. எனக்கு யார் ரெஸ்ட் கேட்டது? பத்தொன்பது வருஷமாக இந்தக் கம்பெனிக்கு வருகிற கடிதத்தைப் பிரிப்பது என் கை. எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏறும் என்று முதலில் தெரிவது எனக்கு. அதையும் எடுத்துவிட்டால் எனக்கு அங்கே நாற்காலி எதற்கு?

சாயங்காலம் அவன் போனபிறகு புது புரோகிராமில் வேலையைத் தொடங்கினேன். புது நோட்டில் பிள்ளையார் சுழி போடுவது போல, முதல் ஃபோல்டருக்குத் தமிழ் எழுத்தில் 'உ' என்று பெயர் வைத்தேன். பழைய வெர்ஷனிலும் அப்படித்தான். இந்த புரோகிராமில் தமிழ் ஃபான்ட் இல்லாததால் திரையில் அது தொப்பி வைத்த வெள்ளைக்கார எழுத்தாகத் தெரிகிறது. பிள்ளையாருக்குத் தெரியாதா என்ன. முதலாளி தன் நோட்டில் 786 போடுகிறவர், இதையெல்லாம் ஒருநாளும் கேட்டதில்லை.

4, புதன்

காலையில் திறந்தேன். மணல் கடிகாரம் இரண்டு சுற்று சுற்றியது, பிறகு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சட்டவிரோதமான காரியம் நடந்துவிட்டதாம், புரோகிராமை மூடப்போகிறதாம். நானா செய்தேன் சட்டவிரோதம்? ஹபீப் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டினான். "பாருங்கக்கா, ஓகே லா."

5, வியாழன்

மறுபடி அதே பெட்டி, புரோகிராம் விழுந்தது. நேற்று அவன் கொடுத்ததை முறைப்படி முதலிலிருந்து தொடங்கி, சாயங்காலம்வரை வேலை பார்த்து, ஒழுங்காக மூடிவிட்டுத்தான் போனேன். அவன் கையில் ஓடுகிறது, என் கையில் விழுகிறது. ஆபீஸ் சாவி மூன்று பேரிடம்: முதலாளி, நான், ஹபீப்.

கொழும்புப் பார்ட்டி கப்பலை மாற்றச் சொல்லிக் காலையிலேயே எழுதியிருந்தது. நாங்கள் பார்த்தது மத்தியானம். கப்பல் போய்விட்டது. முதலாளி என்னைத்தான் முறைத்தார், அவனை இல்லை.

6, வெள்ளி

இன்றும். சரிசெய்துகொண்டே மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீங்க வேற எதாச்சும் தொட்டீங்களா?"

என்னைக் கேட்கிறான்! "நான் என்னத்தத் தொடப்போறேன் தம்பி?" என்றேன். ஜும்ஆவுக்குப் போகும்போது சாவிக்கொத்தைக் கையோடு எடுத்துப்போனான். ஏன்?

கிளம்பும்போது கீபோர்டு உறைமேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவிவிட்டு வந்தேன்.

7, சனி

பவுடர் அப்படியே இருந்தது, ஒரு விரல் தடம் இல்லை. ஆனாலும் விழுந்தது. அப்படியென்றால் டெலிபோன் லைன் வழியாகச் செய்கிறான். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு எதுதான் முடியாது.

9, திங்கள்

இன்றும் விழுந்தது. பொறுக்கமுடியவில்லை, சொல்லிவிட்டேன். "முதலாளி, நோண்டுறது உங்க மருமகன்தான். அவரு தொட்டா ஓடுது, நான் தொட்டா விழுது. வேற என்ன அர்த்தம்?"

அவனை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது; சத்தம் வெளியே வரவில்லை. வெளியே வந்தவன் கடைசியாக ஒருமுறை புரோகிராமை அழித்துப் போட்டான். என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதி என் டிராயரில் வைத்தான். நாளையிலிருந்து அவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் மாக் மண்டின் குடோனில் வேலை.

"வரேன்க்கா" என்றான். நான் தலை நிமிரவில்லை. தைப்பூசத்துக்கு மூன்று நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, எதையும் தொடாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

13, வெள்ளி

டைப்பிஸ்ட் நோர்மா சொல்கிறாள், நான் இல்லாத நாளெல்லாம் ஒருதடவைகூட விழவில்லையாம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆள் போனான், நோய் போனது. நிம்மதியாக, முறையாகத் தொடங்கி எல்லாக் கடிதத்துக்கும் பதில் போட்டேன்.

14, சனி

விழுந்தது.

அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

15, ஞாயிறு

டத்தோ கிராமாட்டில் என் வீட்டிலேயே கிடந்தேன், சமைக்கவும் பிடிக்கவில்லை. நோர்மா செய்யாத எதை நான் செய்தேன்? அவள் நேரே திறந்தாள், வந்ததை எடுத்தாள், மூடினாள். நான் — ஐயோ. ஐயோ. அதுவா?

16, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் போனேன். ஹபீப் எழுதிய தாளை வைத்துக்கொண்டு நானே அழித்துப் போட்டேன். நாலு தடவை திறந்தேன், ஓடியது. 'உ' ஃபோல்டர் வைத்து மூடித் திறந்தேன், விழுந்தது. என்னை நானே நம்பாமல் எல்லாவற்றையும் இன்னொருமுறை செய்தேன். அதேதான்.

பழையது பொறுத்துக்கொண்டது, புதியதற்கு அந்த ஒரு தமிழ் எழுத்து ஆகவில்லை. என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அந்த ஃபோல்டர் இல்லாமல் இருந்துவிட்டால் போதும், கடைசிவரை தெரியவே தெரியாது. — சீ, எவ்வளவு சுலபமாக யோசிக்கிறேன்.

17, செவ்வாய்

இன்று சொல்லவில்லை.

18, புதன்

சொன்னேன். முதலாளி முதலில் சிரித்தார். "ஒரு எழுத்துக்கா இவ்வளவு அமர்க்களம்?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் புள்ள அல்லா மேல சத்தியம் பண்ணுச்சு யோகம்மா. நான் உன்னத்தான் நம்புனேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

21, சனி

பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, மாக் மண்டின் போனேன். குடோன் வாசலில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பவுடரைக்கூட விடவில்லை. அதைக் கேட்டபோதுதான் முகம் மாறியது.

"மாமா நேத்தே போன் பண்ணாரு" என்றான். "திரும்பி வரச் சொன்னாரு. நான் இங்கயே இருந்துக்கிறேன் மேடம்."

மேடமாம்.

"தப்பு என் மேலதான்ப்பா. வந்துரு."

"இங்க யாரும் என் கையவே பாத்துக்கிட்டு இருக்கறதில்ல."

11 மே, திங்கள்

பிரிண்டர் மக்கர் பண்ணியது. முதலாளி சொல்லியனுப்ப, ஹபீப் வந்தான். மூன்று மாதத்தில் இளைத்திருக்கிறான். மகள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம், நோர்மாவிடம் சொன்னான்.

கம்ப்யூட்டரைத் தொடுமுன் திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்தான். நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டான்.

"இப்ப இதத் திறக்கிறேன் மேடம். பாத்துக்கங்க. இத அழிக்கிறேன். வேற எதையும் தொடல."

"தெரியும் தம்பி, சொல்லவேண்டாம்" என்றேன்.

"இப்ப மூடுறேன் மேடம்" என்றான்.