ஊரடங்கில் கொடுத்த சஹன்கள் திரும்பி வராமை பற்றி

அனுப்புநர்:
மு. றவூப்,
சமையற் பாத்திர வாடகைக் கடை,
பழைய மில் வீதி,
திகன.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கண்டி மாவட்டம்.

விடயம்: முடக்கக் காலத்தில் நிவாரணச் சமையலுக்காகப் பெறப்பட்ட கிடாரங்களும் சஹன்களும் இன்றுவரை ஒப்படைக்கப்படாமை.

கனம் ஐயா அவர்கட்கு,

இம்மனுவை என் கைப்பட எழுதுகிறேன். தட்டச்சுக் கடையில் கொடுத்தால் தாங்கள் வாசிப்பதற்கு முன்பே ஊர் வாசித்துவிடும் என்பதால், கையெழுத்தைப் பொறுத்தருளுமாறு முதலில் வேண்டுகிறேன்.

1. திருமண வீடுகளுக்குச் சமையற் பாத்திரங்களை வாடகைக்குக் கொடுப்பதும், ஆட்களுடன் சென்று சமைத்துப் பரிமாறுவதும் எனது தொழில். சமையற்காரர் பஹீம், அடுப்பைப் பார்த்துக்கொள்ளப் புசல்லாவையிலிருந்து வரும் மருதமுத்து, வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் கழுவவும் வரும் விதவைப் பெண் ஹிதாயா ஆகியோர் என்னை நம்பிப் பிழைத்தவர்கள். எமது விருந்துகளில் ஆறு பேர் சஹன் எனும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அறிவீர்கள் என்று நான் உறுதியாக எழுதுவதன் காரணம் இம்மனுவின் இறுதியில் வரும்.

2. நோய்த்தொற்று வந்தபோது நாட்டில் எல்லாத் தொழிலும் படுத்தது உண்மை. ஆனால் ஆறு பேர் கையை ஒரு தட்டில் வைக்கச் சொல்லும் தொழில் எப்படிப் படுத்திருக்கும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். நிகாஹ்கள் வீட்டுக்குள் முடிந்தன, சாப்பாடு பார்சலாகப் போனது. பஹீம் சைக்கிளில் கீரை விற்றார். மருதமுத்து ஊருக்குப் போய்விட்டார். ஹிதாயா ஒருநாள் முகக்கவசத்துடன் என் வாசலில் எட்டி நின்று, “நாநா, கழுவ ஏதாச்சும் ஈக்கியா?” என்று கேட்டாள். கழுவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சும்மா அரிசி கொடுத்தால் வாங்கமாட்டாள் என்பதால், சுத்தமாக அடுக்கியிருந்த சஹன்களையே இறக்கிக் கொடுத்தேன். ஊத்தை இல்லாத தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு அரிசியை வாங்கிச் சென்றாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

3. இரண்டாம் முடக்கத்தின்போது எமது ஊர் நிவாரணக் குழுவின் செயலாளர் ரிஸ்மியும் எமது பிரிவின் கிராம உத்தியோகத்தரும் லொறியுடன் என் கடைக்கு வந்தனர். நாட்கூலிக் குடும்பங்களுக்குச் சமைக்கக் கிடாரங்களும், பார்சல் கட்டுமுன் சோற்றைப் பரப்பி ஆறவிடச் சஹன்களும் தேவை என்றனர். இருந்த அனைத்தையும் ஏற்றிவிட்டேன். பசித்தவனுக்குக் கொடுக்கும்போது துண்டு எழுதி வாங்குவது ஸதகா எனும் தர்மத்துக்கு விலை பேசுவது போலாகும் என்று ஒன்றும் எழுதி வாங்கவில்லை. அந்த வெட்கத்தை அவர்கள் நன்றாக அறிந்தே வந்திருக்கவேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன். லொறியில் இடம் போதாமையால் கிடாரங்களின் மூடிகள் மட்டும் பிறகு எடுப்பதாகச் சொல்லி விடப்பட்டன. பிறகு யாரும் வரவில்லை. அல்லாஹ்வின் அருளால் மூடிகள் இன்றும் என்னிடம் உள்ளன.

4. நாடு திறந்த பின்னர் கேட்டேன். பாத்திரங்கள் கிராம உத்தியோகத்தரின் பொறுப்பில் களஞ்சிய அறையில் உள்ளன என்றார் ரிஸ்மி. அறையின் திறப்பு ரிஸ்மியிடம் என்றார் கிராம உத்தியோகத்தர். ரிஸ்மியோ திறப்பு அவரிடம் என்றார். ஒரு திறப்பு இருவரிடமும் இல்லாமல் ஒரு பூட்டு எப்படிப் பூட்டப்பட்டது என்பதை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கடைசியில் அறை திறக்கப்பட்டபோது உடைந்த கதிரைகளும் ஒரு பழைய பதாகையும் இருந்தன. பதாகையில் என் கிடாரங்களுக்குப் பின்னால் நின்று குழுவினர் எல்லோரும் சிரிக்கின்றனர்.

5. அதே காலத்தில் கலகெதரயில் ரிஸ்மியின் மைத்துனர் ஹபீல் புதிதாக விருந்துச் சேவை ஒன்றைத் தொடங்கினார். முடக்கத்தால் எல்லோரும் தொழிலை மூடிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் பாத்திரங்களோடு தொழில் தொடங்கியதை வாழ்த்தத்தான் வேண்டும். அதையும் திகனயில் தொடங்காமல், கண்டியைத் தாண்டி மறுபக்கத்தில் தொடங்கியதைக் கவனிக்கவும் வேண்டும். அங்கு அவர் சமைத்த உறவினர் திருமணம் ஒன்றுக்கு நானும் சென்றேன். “சாப்பிடப் போறீங்களா, சட்டி தேடப் போறீங்களா?” என்று என் மனைவி றம்லத் புறப்படும்போதே கேட்டாள். அடுப்படிக்குப் பின்னால் கிடாரங்களைக் கண்டேன். எல்லாம் தகரத் துண்டுகளால் மூடப்பட்டு மேலே கற்கள் வைக்கப்பட்டிருந்தன. இத்தனை நல்ல கிடாரங்களை வாங்கியவர் மூடி மட்டும் வாங்க மறப்பாரா?

6. எனது ஒவ்வொரு சஹனின் அடியிலும் ஆணியால் அடித்த மூன்று குழிகள் உண்டு. கீறிய பெயரைத் தேய்த்து அழிக்கலாம், ஆணியடியைத் தேய்த்தால் தட்டு ஓட்டையாகிவிடும் என்பதால் எங்கள் தொழிலில் இப்படித்தான் அடையாளமிடுவோம். அன்று பந்தியில் அமர்ந்து, மற்ற ஐவரின் கையும் சோற்றில் இருக்க, சஹனின் ஒருபக்கத்தை உயர்த்திப் பார்த்தேன். கறி வழிந்து மாப்பிள்ளையின் மாமாவின் சாரத்தில் கொட்டியது. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கும் பதிவு செய்கிறேன். அடியில் ஹபீலின் கடைப் பெயர் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். ஸ்டிக்கருக்குக் கீழே மூன்று குழிகள் இருந்தன.

7. ஹபீலிடம் தனியாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு மேலும் சந்தேகத்தைத் தருகிறது. “நாநா, ஒங்களுக்குத் தேவைண்டா வாடகைக்கு எடுங்களேன், கொறச்சுத் தாறேன்” என்றார். என் தட்டை எனக்கே வாடகைக்குத் தர முன்வந்த இரக்கத்தை நான் மறக்கப்போவதில்லை.

8. நோன்புக்கு முந்திய திருமணக் காலம் இப்போது நடக்கிறது. என்னைத் தேடி வந்த வீட்டாரைப் பாத்திரமில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மருதமுத்து அடிக்கடி அழைத்து, “மொதலாளி, சட்டி வந்துச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க, மொத பஸ்ஸுல வந்துர்றேன்” என்கிறார். பஹீம் கட்டாருக்குப் போக முகவரைத் தேடி அலைகிறார். பெருநாளைக்குப் பின் வரும் திருமணங்களும் கைவிட்டுப் போனால் என் கடையில் விற்பதற்கு மூடிகள் மட்டுமே மிஞ்சும்.

9. எனவே தாங்கள் முன்னறிவித்தல் இன்றி நேரில் வந்தோ, வெளியிலிருந்து ஓர் உத்தியோகத்தரை அனுப்பியோ அப்பாத்திரங்களைப் பரிசோதிக்க வேண்டும். நான் மூடிகளுடன் வருகிறேன். பிரியாணித் தம்முக்காக ஒவ்வொரு மூடியும் அதனதன் கிடாரத்துக்கே தட்டி இறுக்கப்பட்டது, வேறொன்றில் ஆடும். என் பேச்சை நம்பவேண்டாம், மூடி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொரு வேண்டுகோள். இவ்வாறான மனுக்களை அறிக்கை கேட்டு அந்தந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கே அனுப்புவது அலுவலக நடைமுறை என அறிகிறேன். தயவுசெய்து இதை அனுப்பவேண்டாம். அனுப்பினால் மறுநாளே அத்தகரத் துண்டுகள் மறைந்து புதிய மூடிகள் முளைக்கும்.

10. கடந்த மாதம் நிவாரணக் குழு நடத்திய நன்றி விருந்தில் தாங்கள் பிரதம அதிதி. சமைத்தது ஹபீலின் ஆட்கள். முடக்கத்தில் உதவியவர்கள் என்று வாசிக்கப்பட்ட பெயர்களில் என் பெயர் இல்லை. ஆயினும் நான் வந்து கடைசி வரிசையில் இருந்தேன். தங்கள் முன் வைக்கப்பட்ட சஹனின் விளிம்பு நெளிவை நான் அங்கிருந்தே அடையாளம் கண்டேன். தாங்கள் உண்டுகொண்டிருந்தபடியால் அதைத் தூக்கிப் பார்க்க மரியாதை இடம் தரவில்லை. பந்தி முடிந்ததும் அந்தச் சஹனைத் தாங்களே இரு கைகளாலும் எடுத்துப் பரிமாறியவரிடம் நீட்டினீர்கள். அப்போது தங்கள் விரல்களில் மூன்று குழிகள் தட்டுப்பட்டனவா என்பது எனக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: திகன
திகதி: 07.03.2022

(ஒப்பம்)
மு. றவூப்

பிரதி: மாவட்டச் செயலாளர் அவர்கள், கண்டி. தங்கள்மீது நம்பிக்கையின்மையால் அல்ல. இம்முறை கொடுப்பதற்குச் சாட்சி வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.