மைனர் பெண்சாதி தரைக்கு வந்த வாரம்

செவ்வாய், 4 மார்ச்

காலையிலேயே வெயில். பின்கதவு திறந்தே கிடக்கிறது, காற்றுக்காக. நேற்று ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு.

உட்காரும் முறை: ஒரு நாற்காலியில் நான். எதிரே இன்னொரு நாற்காலி, அதன் முதுகில் தலையணை, தலையணையில் என் நெற்றி. கீழே முக்காலி, அதில் இந்த நோட்டு. சாப்பாடு, தூக்கம், ஜெபம், எல்லாம் தரையைப் பார்த்தே. நடந்தாலும் குனிந்த தலை. கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை.

வலது கண்ணில் உள்திரை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே வாயு அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து திரையை அழுத்திப் பிடிக்குமாம். நான் குனிந்திருந்தால்தான் சரியான இடத்தில் அழுத்தும். திங்கட்கிழமை வரை இப்படி. ஒட்டினால் பார்வை. ஒட்டாவிட்டால் மறுபடி கத்தி, அதற்கும் உத்தரவாதம் இல்லை. இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். கண்ணாடி போட்டால் தரை வரை தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி. எழுத்து எருமைக்கன்று அளவில் வருகிறது. பரவாயில்லை.

டாக்டர் விதித்த தடைகள்: தலை நிமிர. மல்லாந்து படுக்க. கேமரன் மலை ஏற (குமிழி உப்பிவிடுமாம்). விமானத்தில் பறக்க.

கடைசியைக் கேட்டு அ. சிரித்துவிட்டார். அ. = அந்தோணி, வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறார். முழுப்பெயர் எழுத இந்த அரைக் கண்ணுக்குப் பொறுமை இல்லை.

“உன் மைனர்கிட்ட சொல்லிடு லா. கொஞ்ச நாளைக்குக் கூடப் பறக்க ஆள் வராதுன்னு.”

மைனர், பின்னால் நிற்கும் பால்மரத்து, அதாவது ரப்பர் மரத்து, ஓணான். எஸ்டேட்டை அழித்து இந்தத் தாமான் வீடுகளைக் கட்டியபோது தப்பிய மரங்கள் இரண்டு. விலாவை விரித்தால் அவனுக்கு இறக்கை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மிதந்து போவான். தாடைக்குக் கீழே மஞ்சள் கொடி ஒன்று. பெண் யாராவது பக்கத்தில் வந்தால் பட்டென்று விரித்துக் காட்டுவான். அதனால்தான் மைனர் என்று பெயர் வைத்தேன். பள்ளிக் கன்டீனில் மீ நூடுல்ஸ் கிண்டி முடித்து வந்து, தேத்தண்ணீரோடு பின்கதவில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பேன். நாளில் எனக்கென்று உள்ள நேரம் அதுதான். இங்கிலீஷில் அவன் ஜாதிக்கே பறக்கும் டிராகன் என்றுதான் பெயராம், மகள் ஷீலா சொன்னது. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் உடம்பு, அவ்வளவு பெரிய பெயர். பொருத்தம்தான்.

ரமலான் நோன்பு மாதம். கன்டீனில் வேலை பாதி. அந்த மட்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி.

புதன், 5 மார்ச்

சாம்பல் புதன். நான் பூசைக்குப் போகாத முதல் சாம்பல் புதன்.

அ. மட்டும் போய், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார். அவர் செருப்பு தெரிந்தது, பிறகு முழங்கால், பிறகு ஆளே தரையில் படுத்து என் முகத்துக்குக் கீழே தலையை நுழைத்தார். தலையணையை நகர்த்தி, என் கண்ணாடியைக் கழற்றி, தன் நெற்றியால் என் நெற்றியைத் தொட்டார்.

“பாதி ஒட்டிக்கிச்சு. மீதி எனக்கு.”

அப்புறம் எழுந்திருக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கலாமா என்று டாக்டரைக் கேட்கவில்லை.

சின்ன வயதில் ஆயர் தாவார் ஊர்க் கோயிலில் ஒரு சுரூபம் உண்டு. ஈட்டியோடு இறக்கை வைத்த சம்மனசு, காலடியில் வலுசர்ப்பம், அதாவது டிராகன். வலுசர்ப்பம் என்றால் சாத்தான், தெரியும். ஆனாலும் என் கண் கீழேதான் போகும். ஒவ்வொரு பல்லும் செதிலும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தது. சம்மனசு முகம் சும்மா வழவழ. செய்தவனுக்கு யார்மேல் பிரியம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஷீலா பினாங்குக்கு வேலைக்குப் போனபோது ஒரு அலமாரி டிராகன் கதைப் புத்தகம் விட்டுப் போனாள். தலையணை மொத்தம். எம்.சி.ஓ. ஊரடங்குச் சமயத்தில் பொழுது போகாமல் எடுத்தேன், பிறகு விடவில்லை. இப்போது பாதியில் நிற்பதை அ. வாசித்துச் சொல்கிறார். இங்கிலீஷை முணுமுணுத்துப் படித்து, தமிழில் எடுத்துவிடுவார்.

“மலைக்குள்ள இருக்குல்ல அந்தப் பொம்பளை டிராகன், அதுக்கு வயசாயிருச்சு. மூட்டு வலி. ராஜா ஆளுங்க வாராங்க, வரி கேட்டு.”

“டிராகனுக்கு வரியா?”

“அப்படித்தான் போட்டிருக்கு. நான் என்ன செய்ய?”

வியாழன், 6 மார்ச்

மாலையில் நல்ல மழை. தகரத்தில் சத்தம். அ. வாங்கிவர வேண்டியது: கண் சொட்டு மருந்து, ஸ்ட்ரா, மீன் வேண்டாம்.

அடுத்த வீட்டு ஆ லான் அக்கா சூப் கொண்டுவந்தார். கண்ணுக்கு நல்லதென்று சிவப்புச் சின்னப் பழம் போட்ட கோழி சூப். ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். அக்காவின் அப்பா எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அக்கா தமிழ் பேசினால் பார்க்காதவர் சீனர் என்று சொல்ல மாட்டார். திட்டினால் இன்னும் சுத்தம்.

டிராகன் கதையைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“உங்க கோயில்ல குத்துறீங்க, புஸ்தகத்துலயும் குத்துறாங்க. பாவம் லா அது. எங்க நாகமும் டிராகன்தான், தண்ணியில இருக்கும், மழை குடுக்கும். அதைப் போய் யாராச்சும் குத்துவாங்களா?”

“கதை எழுதுனது வெள்ளைக்காரன், அக்கா. எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க.”

அவர்கள் கோயிலுக்கு, ஆட்கள் தூக்கி ஆடும் புது நாகம் வந்திருக்கிறதாம். துணி, செதில், மீசை எல்லாம் தயார். ஆனால் கண்ணுக்குள் கருப்பு வைக்க மாட்டார்களாம். நல்ல நாள் பார்த்து, பெரியவர் ஒருவர் பிரஷால் புள்ளி வைத்தால்தான் அதற்குப் பார்வை.

“அது வரைக்கும் அது சும்மா துணி. நீயும் திங்கக்கிழமை வரைக்கும் சும்மா துணி. பேசாம இரு.”

வெள்ளி, 7 மார்ச்

கழுத்து போயிற்று. தோள் போயிற்று. காலையில் அ. வேன் எடுத்துப் போனதும் அழுதேன். குனிந்து அழுதால் கண்ணீர் கன்னத்தில் ஓடுவதில்லை, நேரே நோட்டில் விழுகிறது. மேலே இருக்கும் வட்டங்கள் அதுதான்.

பயம். எழுதியே வைக்கிறேன், பயம். ஒட்டாவிட்டால் அடுப்படி வேலை முடிந்தது. புத்தகம் முடிந்தது. இனி யாராவது “அதோ மைனர்” என்றால் நான் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மற்றதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போல. அது முடியாது.

பகல். புழுக்கம். நாற்காலி இரண்டையும் தள்ளித் தள்ளிப் பின்கதவு வாசற்படிக்கே கொண்டுபோனேன். முகத்துக்கு நேர் கீழே படி, படியை ஒட்டிச் செம்மண், பூத்தொட்டி, உதிர்ந்த பால்மரத்து இலை. இலை உதிரும் காலம். எல்லாம் பழுப்பு.

அதில் ஒரு இலை நகர்ந்தது.

இலை இல்லை. சாம்பல் நிறம், மரப்பட்டை மாதிரி கோடுகள், இறக்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்திருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் இல்லை, லேசான நீலம். மைனர் பெண்சாதி! தரையில்! இந்த ஜாதி தரைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. மழையில் இளகிய மண்ணில் மூக்கை வைத்துக் குத்தினாள். கையால் தோண்டவில்லை, தலையாலேயே. குத்தி, திருப்பி, குத்தி. மூஞ்சியெல்லாம் மண். அப்புறம் திரும்பி உட்கார்ந்து கண்ணை அரைவாசி மூடிக்கொண்டாள். வெள்ளையாக ஒன்று. இன்னொன்று. மீதி இலை மறைத்துவிட்டது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மறுபடி தலையாலேயே தட்டித் தட்டிச் சமம் செய்தாள்.

நானும் நெற்றியைத் தலையணையில் முட்டிக்கொண்டு மேலே. அவள் நெற்றியை மண்ணில் முட்டிக்கொண்டு கீழே. மூச்சுகூட விடவில்லை நான்.

இத்தனை வருஷமும் அண்ணாந்தே பார்த்திருக்கிறேன். மைனர் அங்கே கொடி காட்டிக்கொண்டிருப்பான். வேலையெல்லாம் இங்கே நடந்திருக்கிறது.

அ. வந்ததும் சொன்னேன். நம்பவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, காவலுக்கு இருக்கா” என்று ரகசியமாகச் சொன்னார். இன்றைக்குக் கழுத்து வலி இருக்கிறது, ஆனால் காலையில் இருந்த வலி இல்லை.

சனி, 8 மார்ச்

புல்வெட்டும் மெஷின் சத்தத்தில் விழித்தேன். பின்பக்கச் சந்து. அ. சந்தைக்குப் போயிருந்தார்.

நேரே நம் படிப்பக்கம்தான் வருகிறது. கத்தினேன். மெஷின் முன் என் கத்தல் எங்கே கேட்கும். நிமிர்ந்து கையைக் காட்டினால் ஒரு நொடியில் பார்ப்பான். அந்த ஒரு நொடிக்குத் தலை தன்னால் எழும்பப் பார்த்தது. வலது கையால் பிடரியைப் பிடித்து அழுத்திக்கொண்டேன், சொந்தத் தலையையே.

அப்படியே எழுந்து, இடுப்பை மடித்து, மண்ணைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினேன். சில்லறை தொலைத்த கிழவி போல. அவள் இருந்த இடத்துக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்றேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் என் செருப்பும் அவள் வாலும். ஓடவில்லை அவள்.

சத்தம் நின்றது. மஞ்சள் பூட்ஸ் இரண்டு வந்து நின்றன. பங்களாதேஷ் தம்பி போல.

“கெனாப்பா, ஆன்ட்டி?” என்ன ஆச்சு என்று கேட்கிறான். எனக்கு வயிற்றுவலி என்று நினைத்திருப்பான்.

“தெலூர். தெலூர்.” முட்டை என்று மலாயில் சொல்லி விரலால் காட்டினேன். கோழியைத் தேடினான், பாவம். பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஓ” என்றான். ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுச் சுற்றி வெட்டிப் போனான். நோன்பு வாயோடு, அந்த வெயிலில். பெயர்கூடக் கேட்கவில்லை நான். நல்லா இருக்கட்டும்.

சாயங்காலம் அவள் போய்விட்டாள். மரத்துக்குத்தான். அ. முட்டையைச் சுற்றி, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி நாலு நட்டார்.

ஞாயிறு, 9 மார்ச்

ஷீலா போன். அ. குளித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, அந்தக் கதை எங்க போய்க்கிட்டு இருக்கு?”

“டிராகன் ராஜாவோட சமையக்காரிகூடப் பேசிக்கிட்டு இருக்குடி. மீ கோரெங் எப்படிச் செய்யறதுன்னு கேக்குது.”

“அம்மா, அது செத்துப் போச்சும்மா. நடுவுலயே. ராஜா மகன் கண்ணுல குத்திக் கொன்னுருவான். சமையக்காரியே அதுல கிடையாது.”

கண்ணில்.

அப்படியென்றால் புதன்கிழமையிலிருந்தே சொந்தச் சரக்கு. வரி, மூட்டு வலி, எல்லாம். மனுஷன், பக்கத்தை மட்டும் ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஷீலாவிடம் அப்பாவை ஒன்றும் கேட்காதே என்று சொல்லிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பக்கத்தைத் திருப்பினார்.

“எதுல விட்டோம்?”

“மீ கோரெங்.”

“ஆங். அது மிளகா பத்தலன்னு சொல்லுது.”

இருபத்தேழு வருஷம் இந்த மனிதரோடு. ஆண்டவரே, நன்றி. வேறென்ன எழுத.

திங்கள், 10 மார்ச்

ஈப்போ. வேன் பின்சீட்டில் குனிந்தபடியே. டாக்டர் விளக்கடித்து நீண்ட நேரம் பார்த்தார். ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கிறது.

நிமிரலாம். மல்லாந்து படுக்க மட்டும் இன்னும் கூடாது. வலது கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் தெரியாது, குமிழி முழுக்க நிற்கிறது, கரையக் கரையத்தான் தெரியும். மேலிருந்து கீழாகத் திறக்குமாம். எவ்வளவு திரும்பும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியுமாம்.

நிமிர்ந்ததும் அ. முகம், இடது கண்ணில், கஞ்சியாக. மீசை எடுத்திருக்கிறார். எப்போது?

“புதன்கிழமையே. சாம்பல் வைக்கும்போது உனக்குக் குத்தக் கூடாதுன்னு.”

வெள்ளி, 21 மார்ச்

மழை விட்டு வெயில். துவைத்தது காயவில்லை. சாத்தே குச்சி நாலும் இருக்கின்றன, மண் மூடியபடியே. ஆ லான் அக்கா இரண்டு தடவை வந்து குச்சிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தேத்தண்ணீர், பின்கதவு. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தினமும் பார்க்கிறேன். இதுவரை கலங்கல்தான். இன்றைக்கு மேலே ஒரு கோடு. தண்ணீர்மட்டம் மாதிரி தளும்புகிறது. கோட்டுக்குக் கீழே கலங்கல். கோட்டுக்கு மேலே பால்மரத்து உச்சி. புதுத் துளிர், செம்பு நிறம், இலை இலையாக. வலது கண்ணில்.

கையை எடுக்கவில்லை. உச்சிக்கிளையில் ஒரு முடிச்சு. முடிச்சு அசைந்தது. பட்டென்று மஞ்சள்.

“ஏங்க. மைனர்.”

அ. ஓடிவந்து முன்னால் நின்றார். “தெரியுதா? நெசமாவா? என்னைத் தெரியுதா?”

“மேல மட்டும்தான் லா. நீங்க கலங்கல்ல இருக்கீங்க.”

முக்காலியை இழுத்துப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏறி நின்றார்.

“இப்ப?”