ஆமை ஊசி

பதிவு 571
2081 அக்டோபர் 26, காலை 7:10

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. குடிநீர்த் தொட்டி நிறைந்திருக்கிறது. எடை 54 கிலோ. காய்ச்சல் இல்லை. சோதனை எலிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, அவற்றில் ஒன்று வழக்கம்போல என்னை முறைக்கிறது. ஆகஸ்டில் டின் திறக்கும்போது இடது ஆட்காட்டி விரலில் பட்ட வெட்டு இன்னும் மூடவில்லை. எதிர்பார்த்ததுதான்.

வருடத்துக்கு ஒரு முறை என்னை நானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். என் பெயர் பிலோமினா. ஊர் தூத்துக்குடி. மூப்பைத் தாமதப்படுத்தும் மருந்தை முதன்முதலில் போட்டுக்கொண்ட மனுஷி நான். மருந்துக்குக் காகிதத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நான் வைத்த பெயர் ஆமை ஊசி. வாரம் ஒன்று. உடம்பின் தேய்மானம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பதினோரு வருடமாகப் போடுகிறேன். பிறப்புச் சான்றிதழ்படி வயது நாற்பத்தேழு. எலும்பும் ரத்தமும் முப்பத்தேழு என்கின்றன.

நிலவின் தென்முனையில் தனியாக இருப்பதற்குக் காரணமும் அந்த ஊசிதான். அது எல்லாவற்றையும் மந்தமாக்கும், நோய் எதிர்ப்பையும் சேர்த்து. பூமியில் ஒருவர் பக்கத்தில் நின்று தும்மினால் போதும், என் கதை முடிந்தது. இங்கே கிருமி கிடையாது. மனிதர்களும் கிடையாது.

பதிவு 572
2081 நவம்பர் 2, மாலை 4:35

இன்று கல்லறைத் திருநாள். கருவிகள் எல்லாம் சரி.

வாரத்துக்கு ஒரு முறை என் கணவர் இன்னாசியின் குரல் வரும். ஊரில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். இன்று வந்ததை அப்படியே பதிகிறேன்.

"ஏ பிலோ, காலையிலேயே கல்லறைக்குப் போயிட்டு வந்துட்டேன். புல்லப் புடுங்கி, சுண்ணாம்பு அடிச்சு, மெழுகுதிரி ஏத்தியாச்சு. ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. இந்த வருசம் எனக்கு அழுக வரல. சாமியாரு செபம் சொல்லித் தண்ணி தெளிச்சாரு, நான் சும்மா நின்னுட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்தா நல்ல பசி. சீலா மீன் கொழம்பு வச்சுச் சாப்பிட்டேன். ஷெரின் சத்தம் எனக்கு மறந்துட்டு பிலோ. வீடியோவப் போட்டுப் பாத்தேன், யாரோ ஒரு புள்ள பேசுத மாரி இருக்கு. என்னிய எப்படிக் கூப்புடுவா? நீ சொல்லேன்."

ஷெரின் எங்கள் மகள். ஏழு வயதில் டெங்குக் காய்ச்சலில் போனாள். அவளைப் புதைத்த இரண்டாம் மாதம் நான் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. மீன் குழம்பாம். பிறகு பதில் அனுப்பினேன். முதல் எழுத்தை விழுங்கிவிடுவாள், "ப்பாவ்" என்றுதான் வரும். நீங்கள் சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பீர்கள், அதற்கு மேலே கேட்கட்டும் என்று கடைசியை இழுப்பாள். இழுக்கும்போது நடுவில் குரல் உடைந்து சிரிப்பு வந்துவிடும். எனக்கு இப்போதும் அது அறைக்குள் கேட்கிறது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாடை மூக்கில் இருக்கிறது. எனக்கு அவள் போனது இன்று காலையில்தான். பதினோரு வருடமாக தினமும் இன்று காலையில்தான்.

பதிவு 574
2081 நவம்பர் 16, காலை 10:20

எலிகளைப் பற்றிய பதிவு. ஆனால் எலிகளைப் பற்றி மட்டும் அல்ல.

மணி அடித்து, காலில் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி, சில எலிகளைப் பயமுறுத்தியிருந்தேன். சாதாரண எலி சில வாரங்களில் அதை மறந்துவிடும். பிறகு மணி அடித்தாலும் சட்டை செய்யாது. பயந்த கையோடு ஆமை ஊசி போட்ட எலிகளுக்கு நேற்று மணி அடித்தேன். மூன்று வருடம் ஆகிறது. மூலையில் போய் ஒண்டிக்கொண்டு நடுங்கின.

விரல் வெட்டு ஏன் ஆறவில்லையோ, அதே காரணம்தான். துக்கமும் ஒரு புண். அது ஆறுவதும் உடம்பு செய்கிற வேலை. அந்த வேலையை நான் ஊசி போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். மாதாமாதம் மனநலக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன், பதினோரு வருடமாகத் துக்க மதிப்பெண் இறங்கவே இல்லை. தனிமை என்றார்கள். நானும் என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

தரைக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஹரிணியிடமிருந்து பதில்: "மேடம், இது பெரிய விஷயம். குழுகிட்ட சொல்லிட்டேன். நீங்க ஓகேதானே?"

நான் ஓகே என்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது.

பதிவு 576
2081 நவம்பர் 30, பகல் 1:15

மருந்து தயாரிக்கும் கருவி நின்றுவிட்டது. உள்ளே வளரும் செல்கள் கெட்டுவிட்டன. இரண்டு நாள் கழுவி, சூடாக்கி, கெஞ்சிப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. குளிர்பெட்டியில் மிச்சம் பதினாறு குப்பி. புதுக் கருவியோடு ஆளில்லாக் கப்பல் மார்ச்சில் வருகிறது. அதுவரை தாங்கும். கவலை இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதற்குள் இன்னாசியின் குரல் வந்தது.

"பிலோ, மறைக்கக்கூடாதுன்னு சொல்லுதேன். நெஞ்சு சரியில்ல. டாக்டரு ஒரு வருசம், மிஞ்சிப்போனா ஒண்ணர வருசம்னாரு. எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. ஆனா உன்னைப் போன் கண்ணாடிக்குள்ள பாத்தே பதினோரு வருசம் ஓடிட்டு. ஊசிய நிறுத்திட்டு எறங்கி வா. மார்ச்சுல வார கப்பலு திரும்பி வரும்போது ஏறிருவியாம். ஒரு தட்டுல உக்காந்து சாப்புடணும்போல இருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல."

ஊசியை நிறுத்தினால் நோய் எதிர்ப்பு திரும்ப மூன்று மாதம் பிடிக்கும். மார்ச்சில் ஏறலாம். கணக்குச் சரியாக வருகிறது. கணக்கில் இடிப்பது ஒன்றுதான். நிறுத்தினால் நானும் ஆறிவிடுவேன். அவருக்கு அவள் சத்தம் மறந்துவிட்டது. எனக்கும் மறந்தால் ஷெரின் எங்கே இருப்பாள்?

பதிவு 577
2081 டிசம்பர் 7, காலை 8:00

ஊசி நாள். ஒரு குப்பியை எடுத்தேன். கையில் வைத்திருந்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

செத்துப்போன பிள்ளைக்காக உயிரோடிருக்கிற மனுஷனை விட முடியாது. இதை எழுதும்போது நான் அவளைக் கொல்வதுபோல இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இன்னாசிக்கு அனுப்பியது: "வருகிறேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்."

அவர் பதில்: "சரிட்டி. நெசமாவா?"

பதிவு 583
2082 ஜனவரி 18, காலை 9:45

விரல் வெட்டு மூடிவிட்டது. காதோரம் ஒரு வெள்ளை முடி. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறுகின்றன. உடம்பு விழித்துக்கொண்டது.

காலையில் முறைக்கிற எலி தன் வாலையே கடித்துவிட்டுத் திடுக்கிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் உப்புமாவை இரண்டு முறை போட்டுக்கொண்டேன். தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது, எழுந்ததிலிருந்து அவளை ஒரு முறைகூட நினைக்கவில்லை.

கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். வந்தது. ஆனால் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல.

பதிவு 587
2082 பிப்ரவரி 15, மாலை 5:20

சத்தம் வரவில்லை.

ப்பாவ். முதல் எழுத்தை விழுங்குவாள், கடைசியை இழுப்பாள். நான்தானே எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது. படிக்கிறேன். வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது. வீடியோவைப் போட்டேன். நல்ல பிள்ளை. துறுதுறுவென்று இருக்கிறாள். யாரோ ஒரு பிள்ளை.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். கண் கொஞ்சம் ஈரமானது. அவ்வளவுதான். துக்க மதிப்பெண் பாதியாக இறங்கிவிட்டது. ஹரிணிக்குச் சந்தோஷம். "மேடம், சூப்பர், நீங்க நல்லா தேறிட்டீங்க" என்று அனுப்பியிருக்கிறாள். நல்ல பெண்தான். அவளை அறையலாம்போல இருந்தது.

இன்னாசியிடம் சொன்னேன், எனக்கும் போய்விட்டது என்று. அவர் பதில்:

"விடு பிலோ. ரெண்டு பேரும் மறந்தாச்சு. மறந்தவங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருப்போம். ஒருத்தருக்கொருத்தரு ஞாபகம் இருந்தாப் போதும். மெத்தையெல்லாம் மாத்திட்டேன், கேட்டியா. பழசு நடுவுல குழி விழுந்துட்டு. நீ எந்தப் பக்கம் படுப்பன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், சொவரு பக்கம்தானே?"

சுவர்ப் பக்கம்தான். அதை நினைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பதிவு 590
2082 மார்ச் 8, காலை 11:30

கப்பல் கிளம்பிவிட்டது. வியாழக்கிழமை வந்து சேரும். ரத்தப் பரிசோதனை தேறியது, பயணத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எலிகளுக்குத் தானாக உணவு விழ ஏற்பாடு செய்தாயிற்று. துணி நாலே நாலு, மடித்து வைத்துவிட்டேன். செருப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. இறங்கியதும் செருப்பு வாங்க வேண்டும் என்று இன்னாசிக்குச் சொன்னேன்.

"கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுக்குச் செருப்பு எதுக்கு" என்றார்.

பதிவு 591
2082 மார்ச் 11, காலை 10:05

ஹரிணி: "மேடம். மேடம், உக்காந்திருக்கீங்களா? இன்னாசி சார்... காலையில பட்டறையில. வேலை செஞ்சுக்கிட்டே இருந்தாராம். பக்கத்து ஆளு பாத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள. ஸாரி மேடம்."

ஒரு வருடம் என்றார்களே.

ஆக்சிஜன் சரி. அழுத்தம் சரி.

ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை என்றுதானே சொன்னார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்றேனே. ஒரு வாரம் ஒரு மனுஷன்

எழுத வரவில்லை.

பதிவு 592
2082 மார்ச் 12, மாலை 3:40

கப்பல் வந்து ஒட்டிக்கொண்டது. கதவு திறந்து பார்த்தேன். ஓர் ஆள் உட்கார இருக்கை, பட்டை, தண்ணீர்ப் பை. புதுக் கருவியை உள்ளே இழுத்துப் பொருத்திவிட்டேன். கை தானாக வேலை செய்தது. கருவி ஓடுகிறது.

ஹரிணி: "மேடம், உங்களுக்காக அடக்கத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளி வச்சுருக்காங்க. நாளைக்குக் காலையில கிளம்பினா கடைசியா முகத்தப் பாத்துரலாம். சாரோட அக்காமாரு எல்லாரும் வந்திருக்காங்க, உங்களத் தனியா விடமாட்டாங்க. கொஞ்ச நாள் ஆனா சரியாயிரும் மேடம். தயவுசெஞ்சு ஏறிடுங்க."

கொஞ்ச நாள் ஆனால் சரியாகிவிடும். அது எனக்குத் தெரியாதா. துக்கம் ஆறுகிற கணக்கை வரைபடமாகப் போட்டுக் காட்டியவளே நான்தான். எத்தனையாவது வாரம் பசி வரும், எத்தனையாவது வாரம் சிரிப்பு வரும், எப்போது சத்தம் பக்கத்து அறைக்குப் போகும், எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

இப்போது அவர் குரல் காதுக்குள்ளேயே இருக்கிறது. பேசும் முன்னால் ஒரு செருமல். "பிலோ" என்பதில் லோ கொஞ்சம் இறங்கும், களைத்துப்போய் நாற்காலியில் உட்காருவதுபோல. நெஞ்சு இங்கே, இந்த இடத்தில், கிழிகிறது. ஒரு பொட்டும் ஆறவில்லை. இன்னும் ஆறத் தொடங்கவில்லை.

பதிவு 593
2082 மார்ச் 13, காலை 9:20

கப்பலை ஆளில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஹரிணி மூன்று முறை அழைத்தாள். கடைசியில் அழுதுகொண்டே, "ஊசி போட்டுடாதீங்க மேடம், அப்புறம் இது இப்படியேதான் இருக்கும், நீங்கதானே எங்களுக்கு எழுதிக் குடுத்தீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அடக்கத்தில் ஒரு பிடி மண் என் பெயரில் போடச் சொன்னேன். சரி என்றாள்.

மகளை ஆறவிட்டு அவரிடம் போகலாம் என்று இருந்தேன். அவள் போய்விட்டாள், திரும்ப வரவே மாட்டாள். இவரையும் ஆறவிட என்னால் முடியாது. வலிக்கட்டும். வலிக்கிற வரைக்கும் அவர் இருப்பார்.

காலையில் எழுந்ததும் வயிறு லேசாகக் கிள்ளியது. பசி. அதற்குமேல் தாமதிக்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டேன். புதுக் கருவி நன்றாக ஓடுகிறது, மருந்துக்கு இனிப் பஞ்சமில்லை.

கண்டெடுப்பவருக்கு: இதைப் படித்துவிட்டு நான் செத்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். உள் அறையில் உயிரோடு இருப்பேன். நீங்கள் இன்னும் நூறு வருடம் கழித்து வந்தாலும் எனக்கு அவர் நேற்று முன்தினம்தான் இறந்திருப்பார். முகக்கவசம் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம். அழுகிற பெண்ணைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி.